அவசரமில்லாத இரைச்சல்

க்ளைவ் கேட்கும் பாட்டை முதன்முறையாகக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். பற்றறி இறங்கிவிட்டது என்பார்கள். கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவருடைய பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் இருந்த சந்தேகம் போய் இரக்கம் வந்தது. “பற்றறி மாத்து, மல்லி” என்று, தம்பி என்பதைச் சிங்களத்திலும் மற்றதை அரைகுறைத் தமிழிலும் சொல்லி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான்.

பற்றறிக்கு ஒன்றுமில்லை. அந்தப் பாட்டே அப்படித்தான். ஹெவி மெட்டல் என்று பொதுவாகச் சொல்லப்படும் இசையில் பல வகைகள் இருக்கின்றன. வேகமாக ஓடுவது, உறுமுவது, கிறீச்சிடுவது என்று க்ளைவ் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார். அவர் கேட்பது டூம் என்ற வகை. மெட்டல்களிலேயே மிகவும் மெதுவானது. கிற்றாரில் ஒரு அடி அடித்தால் அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த அடியை அடிப்பார்கள். ஒரு பாட்டு பதினொரு நிமிடம் போகும். மட்டக்களப்பில் இதை இஷ்டப்பட்டுக் கேட்கும் வேறு ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

என் அக்கா றொஷெலுக்கும் க்ளைவுக்கும் நிச்சயமான கல்யாணம் இந்தப் பாட்டால் நின்றுபோகப் பார்த்தது. அது எப்படி என்று ஊரில் பல கதைகள் உலாவுகின்றன. பிசாசுப் பாட்டு என்றும், பூசை வைக்கும் சுவாமி கோபப்பட்டார் என்றும் சொல்கிறார்கள். சுவாமி அப்போது அங்கே இருக்கவே இல்லை. நடந்ததை அருகில் இருந்து பார்த்தவள் நான், அதனால் எழுதுகிறேன்.

க்ளைவ் ஏறாவூரில் ஹமீட் நானாவின் கடையில் வேலை செய்கிறார். ஹமீட் நானா ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, தேவாலயத் திருநாள், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அவருடைய பெட்டிகள்தான் போகும். போன பெட்டிகள் நல்லபடியாகத் திரும்புவதில்லை. மழையில் நனைந்தோ, உள்ளே அதிரும் காகித கோன் கிழிந்தோ வரும். அவற்றைத் திருத்துவது க்ளைவின் வேலை. நாங்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர்; எங்களில் முக்கால்வாசிப் பேர் கொல்லன், தச்சன், மெக்கானிக் என்று கைவேலைக்காரர்கள். க்ளைவின் தகப்பன் எல்மோ அங்கிள் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். மகன் காகித கோனுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “நான் இரும்பு அடிக்கிறன், இவன் கடதாசி ஒட்டுறான். எங்கட குடும்பம் மெலிஞ்சு போச்சு” என்று சொல்லிச் சிரிப்பார்.

க்ளைவ் மெலிந்தவர் என்பது உண்மைதான். வெயிலிலும் கறுப்பு ரீ-சேட்தான் போடுவார். மெட்டல் கேட்பவர்கள் முடி வளர்ப்பார்களாம். க்ளைவ் வளர்க்கவில்லை. சண்டைக் காலத்தில் முடி வளர்த்த இளைஞன் ஒவ்வொரு சாவடியிலும் ஒரு கதை சொல்ல வேண்டும், அதற்கு எனக்கு நேரமில்லை என்பார். கிற்றார் வாசிக்கத் தெரியாது. பாடவும் வராது. ஆனால் பாட்டைப் பற்றி அவருக்கு இருக்கும் தன்னம்பிக்கை, தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவருக்குக்கூடக் கிடையாது.

சுனாமிக்கு முன்னர் அவர் இந்தப் பாட்டைக் கேட்டதில்லை. அவரும் தம்பி ட்றெவரும் ஒரே வோக்மனில் ஆளுக்கொரு காதாக வேகமான மெட்டல் கேட்பார்கள். கடற்கரையோரம் டச்பாரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் மதிலில் உட்கார்ந்து கோழி கொத்துவது போலத் தலையை ஆட்டுவார்கள். என் மம்மி லில்லியன் அதைப் பார்த்து, “இந்தப் பொடியன்களுக்குக் கழுத்துச் சுளுக்கினா எண்ண தேய்க்க என்னட்ட வராதீங்க” என்று சத்தம் போடுவா.

2004 டிசம்பர் இருபத்தாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மம்மி, அக்கா, நான், எல்மோ அங்கிள் எல்லோரும் பூசைக்காகப் புளியந்தீவுக்குப் போயிருந்தோம். டடி கட்டாரில் வேலை செய்கிறவர், அப்போதும் அங்கேதான் இருந்தார். க்ளைவ் ஏறாவூரில் ஒரு கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். க்ளைவின் தாயும் ட்றெவரும் வீட்டில் இருந்தார்கள். கடல் வந்தபோது டச்பாரில் வீட்டில் இருந்தவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். ட்றெவரைக் கண்டெடுத்து அடக்கம் செய்தோம். தாயைக் கண்டெடுக்கவில்லை.

அதற்குப் பிறகு முகாமில் இருந்தபோது க்ளைவ் பழைய வேகப் பாட்டுகளைக் கேட்க முயன்றார். யாரோ ஒரு நண்பன் கசெற் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு பாட்டுக்கூட முடியவில்லை, நிறுத்திவிட்டார். ஏன் என்று பின்னர் ஒருநாள் நான் கேட்டேன்.

“அதுல எல்லாரும் எங்கயோ ஓடுறானுகள், றொவீ. எனக்கு ஓட ஒரு இடமும் இரிக்கல்ல” என்றார்.

அந்த நாட்களில் எல்லோரும் எங்களை அவசரப்படுத்தினார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஒரு நிறுவனம் படம் வரையச் சொன்னது. இன்னொன்று பந்து கொண்டுவந்து விளையாடச் சொன்னது. உறவினர்கள் மறக்கச் சொன்னார்கள். வீடு தருகிறோம், படகு தருகிறோம், சிரியுங்கள் என்றார்கள். அப்போது கிணறுகளைச் சுத்தம் செய்ய வந்திருந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் உயரமான வெள்ளைக்காரர் ஒருவர், மணல் புகுந்த சீடி பிளேயரை ஹமீட் நானாவின் கடையில் திருத்தக் கொடுத்தார். உள்ளே ஒரு சீடி இருந்தது. க்ளைவ் பிளேயரைத் திருத்திச் சரிபார்க்க அதை ஓடவிட்டார். முதலில் அவரும் பிளேயர் இன்னும் சரியாகவில்லை என்றுதான் நினைத்தாராம். வேகத்தைப் பரிசோதித்தார். வேகம் சரியாக இருந்தது. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

வெள்ளைக்காரர் பிளேயரை எடுக்க வந்தபோது க்ளைவ் மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து பாட்டு முடியும்வரை இருந்தார். பிறகு பிளேயரை மட்டும் எடுத்துக்கொண்டு சீடியை விட்டுவிட்டுப் போனார்.

அன்று முதல் அந்தச் சீடி க்ளைவின் வேலைச் சாமானாகவும் ஆகிவிட்டது. திருத்திய ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அதைப் போட்டுத்தான் சோதிப்பார். வேகமான பாட்டில் கோனில் இருக்கும் சின்னக் கிழிசல் தெரியாது, சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். டூமில் ஒரு தாழ்ந்த சுரம் நீண்ட நேரம் நிற்கும். கிழிசல் இருந்தால் கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். “ஒளிக்க இடம் குடுக்காத பாட்டு” என்பார். ஹமீட் நானாவுக்கு அந்தப் பாட்டைக் கண்டால் பிடிக்காது, ஆனால் பெட்டிகள் முறைப்பாடு இல்லாமல் ஓடுவதால் பொறுத்துக்கொண்டார்.

எங்களுக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து வீடு இல்லை என்றாலும் க்ளைவும் எல்மோ அங்கிளும் அடுத்த ஒழுங்கைக்கு வந்தார்கள். அக்கா பாலர் பாடசாலையில் ரீச்சர் ஆனாள். இரண்டு பேருக்கும் விருப்பம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சண்டை முடியட்டும் என்று பெரியவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். 2009 மே மாதம் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மோதிரம் மாற்ற நாள் குறித்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மோதிரம் மாற்றியதும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதல் ஆட்டம் ஆட வேண்டும். அவர்கள் இரண்டு சுற்று ஆடிய பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். அதனால் மோதிரம் விரலில் ஏறியவுடனே துள்ளி ஆடும் பைலாப் பாட்டு தொடங்கிவிட வேண்டும், ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. ஹமீட் நானா தன்னுடைய சிறந்த பெட்டிகளை வாடகையில்லாமல் கொண்டுவந்தார். மாப்பிள்ளை மெஷினுக்குப் பின்னால் நிற்க முடியாது என்பதால் அன்று தானே மெஷினை நடத்துவதாகச் சொன்னார். அவர் கடையின் முதலாளி. மெஷினைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

காலையில் க்ளைவ் வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் பெட்டிகளைக் கட்டினார். வழக்கம்போலத் தன் சீடியைப் போட்டுச் சோதித்தார். முற்றம் திறந்த இடம், சனம் நிறைந்தால் சத்தம் அமுங்கும் என்று வொலியூமை முழுக்கத் திறந்து வைத்தார். பைலா சீடியை மெஷினின் மேலே வைத்தார். அதற்குள் எல்மோ அங்கிள் வந்து, “டேய், மாப்பிள பவுடர் போடாம வயர் இழுத்துக்கொண்டு நிக்கிறான், வாடா” என்று அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சீடியை மாற்றவில்லை. யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

பின்னேரம் சுவாமி வந்து ஆசீர்வதித்துவிட்டு வேறு பூசை இருப்பதால் போய்விட்டார். பாதிஸ் பலகாரமும் லவ் கேக்கும் பரிமாறினோம். க்ளைவ் அக்காவின் விரலில் மோதிரத்தைப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹமீட் நானா பெருமையோடு பொத்தானை அமத்தினார்.

நான்கு பெரிய பெட்டிகளில் இருந்தும் ஒரே நேரத்தில் அந்த முதல் அடி விழுந்தது. மேசையில் இருந்த கிளாஸ்கள் நடுங்கின. காகங்கள் எல்லாம் கிளம்பின. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பிறகு நீண்ட மௌனம். எல்லோரும் முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டபோது இரண்டாவது அடி விழுந்தது.

“அல்லாஹ்! பைலா எண்டுதானே அமத்தின நான்!” என்று ஹமீட் நானா கத்தினார். எந்தப் பொத்தானை அமத்தினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. க்ளைவ் ஓடிப்போய் நிறுத்தினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்மோ அங்கிள், “மருமகளே, பயப்படாத, இது மாப்பிளட நெஞ்சு அடிக்கிற சத்தம்” என்றார். இன்னும் சிரிப்பு. பைலா தொடங்கியது. க்ளைவ் திரும்பிப் பார்த்தபோது அக்கா அங்கே இல்லை.

நான் அவளைக் குசினிக்குப் பின்னால் கண்டேன். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வெள்ளைக் கவுணோடு நிலத்தில் குந்தியிருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. என்ன என்று கேட்டேன். “தலையிடி. போ” என்றாள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆட வேண்டிய முதல் ஆட்டம் அன்று நடக்கவில்லை. சனம் தாங்களாகவே இறங்கி ஆடிவிட்டுப் போனது.

அடுத்த நாள் காலையில் அக்கா மோதிரத்தைக் கழற்றி ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றி என்னிடம் தந்தாள்.

“கொண்டு போய்க் குடு. அந்தச் சீடி இரிக்கிற வீட்டில நான் இரிக்க மாட்டன். அது வேணுமா நான் வேணுமா எண்டு அவன் முடிவெடுக்கட்டும்.”

மம்மி தலையில் கையை வைத்தா. “ஒரு பிழ நடந்ததுக்கு இப்பிடியா புள்ள? ஊருக்கே கேக் குடுத்தாச்சு.”

“ஊர் தின்ட கேக்குக்காக நான் கல்யாணம் கட்ட ஏலா மம்மி” என்று அக்கா சொன்னாள்.

நான் திங்கட்கிழமை பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன். க்ளைவ் ஒரு கோனின் ஓரத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். கைலேஞ்சியைப் பார்த்ததும் என்னவென்று விளங்கிக்கொண்டார். நான் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். ஹமீட் நானா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுல யோசிக்க என்னடா தம்பி இரிக்கி?” என்றார் ஹமீட் நானா. “ஒரு சீடிக்காகப் பொண்ண விடுறியா? தூக்கி வாவிக்குள்ள எறி. மீனுக்கும் பிடிக்காது அந்தப் பாட்டு.”

“எறியலாம் நானா. மறுகா இன்னொண்டு வாங்கி இஞ்ச கடையில ஒளிச்சுக் கேப்பன். பொய்யோட குடும்பம் தொடங்க ஏலா.”

“நான் முப்பது வருஷமா பொஞ்சாதிக்கு ஒளிச்சுத்தான் பீடி பத்துறன். குடும்பம் நல்லாத்தான் ஓடுது.”

“உங்கட பொஞ்சாதிக்குத் தெரியும் நானா. எங்க எல்லாருக்கும் தெரியும்.”

க்ளைவ் மோதிரத்தை வாங்கவில்லை. “அவளே தரட்டும். ஞாயித்துக்கிழம பூசைக்குப் புறகு நான் வாறன். நான் ஏன் இதைக் கேக்கிறன் எண்டு ஒருக்கா சொல்லுறன். கேட்டுட்டு மாட்டன் எண்டா மாட்டன்தான்” என்றார். அவர் குரலில் பயம் இல்லை. சொன்னால் அக்காவுக்கு விளங்கும் என்று அவர் முழுமையாக நம்பினார். நான் திரும்பும் வழியில் அந்தக் கைலேஞ்சியை பஸ்ஸில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை க்ளைவ் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு ஸ்பீக்கர் பெட்டியும், சத்தம் கூட்டும் சின்ன அம்ப் ஒன்றும், சீடி பிளேயரும் வந்தன.

“ஐயோ, திரும்பவும் கொண்டு வந்திட்டானே!” என்று மம்மி கதவை மறித்தா. “மனே, கதைக்கத்தானே வாறன் எண்டாய்?”

“கதைக்கத்தான் அன்டி. அவள் கேட்டா மட்டும்தான் போடுவன்.”

பெட்டி முன்னறையின் மூலையில் வைக்கப்பட்டது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். மேசையில் கைலேஞ்சி இருந்தது. க்ளைவ் அதைப் பார்க்காதது போலப் பேசத் தொடங்கினார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

“றொஷெல், நான் எல்லா மெட்டலும் கேட்டுப் பாத்திட்டன். வேகமான த்ராஷ் இரிக்கே, அது கோபத்துக்கு நல்லம். ஏறாவூர் பஸ் ரெண்டு போட்டி போட்டு ஓடுற மாதிரி. இறங்கினாப் புறகு மனசுல ஒண்டும் மிஞ்சாது. டெத் மெட்டல்ல உறுமுறவன் கெட்டிக்காரன். ஆனா அவன் தன்ட கெட்டித்தனத்தக் காட்டத்தான் உறுமுறான். ப்ளக் மெட்டல் பனிக் குளிர்ல பிறந்த சாமான், எனக்கு அந்தக் குளிர் தெரியாது. டூம் மட்டும்தான் என்ன அவசரப்படுத்தல்ல.”

“சோகப் பாட்டு வேணுமெண்டா றேடியோவுல போகுதே” என்றாள் அக்கா.

“அது வேற. றேடியோவுல பாடுறவன் அழு அழு எண்டு கெஞ்சுறான். எனக்குப் பதிலா அவனே அழுது முடிச்சிர்றான். இது கெஞ்சாது. பாரமான சாமான ரெண்டு பேராப் பிடிச்சு, ஒவ்வொரு அடியா வெச்சு நடக்கிறமே, அது மாதிரி. ஓட ஏலா. கீழ போடவும் ஏலா. ஆனா முதுகு நிமிந்துதான் இரிக்கும். அம்மாவும் ட்றெவரும் போனாப் புறகு எனக்கு இரிந்தது அதுதான். அதை அளந்து செஞ்ச மாதிரி ஒரு பாட்டு இரிக்கும் எண்டு எனக்குத் தெரியாது. இரிந்திச்சு.”

மம்மி கதவோரத்தில் நின்றபடி, “பெரிய வெள்ளிக்கு நாங்க பாடுற பாட்டும் இப்பிடித்தானே இழுக்கும்” என்றா. “அது முடிஞ்சு வெளிய வரக்குள்ள நெஞ்சு லேசா இரிக்கும்.”

“அதேதான் அன்டி! பெரிய வெள்ளிதான். கிற்றார் வெச்ச பெரிய வெள்ளி.”

க்ளைவ் வெற்றி பெற்றவர் போல அக்காவைப் பார்த்தார். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொல்லுறதெல்லாம் விளங்குது க்ளைவ். சோகம் எனக்குப் பிரச்சின இல்ல. பிசாசு எண்டும் நான் நினைக்கல்ல.” அவள் கையைப் பிரித்து நெஞ்சில் வைத்தாள். “சண்டையில படுவான்கரைப் பக்கம் செல் குண்டு அடிக்கக்குள்ள எங்கட யன்னல் நடுங்கும் தெரியுமா? சத்தம் காதுக்கு வர முந்தி இஞ்ச வரும். மறுகா சும்மா இரிக்கும். அடுத்தது எப்ப எண்டு தெரியாது. அந்தச் சும்மா இரிக்கிற நேரந்தான் எனக்கு ஏலாது. அண்டைக்கு உன்ட பாட்டு விழக்குள்ள நான் மேசைக்குக் கீழ போகப் பாத்தன். மோதிரம் போட்ட கையோட, எல்லாரும் பாத்துக்கொண்டிரிக்க. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. இந்தச் சத்தம் வீட்டுக்குள்ள இரிந்தா நான் எப்பிடி நித்திர கொள்ளுற?”

சண்டைக் காலத்தில் அக்கா தன் பாலர் பாடசாலைப் பிள்ளைகளைச் சுவரோரத்தில் வைத்துக்கொண்டு கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது எனக்குத் தெரியும். தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குள் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

க்ளைவ் எழுந்தார். பெட்டியின் வயரைக் கழற்றத் தொடங்கினார். அவருடைய முகத்தில் இருந்த வெற்றி எங்கோ போயிருந்தது.

“என்ன செய்றாய்?” என்றாள் அக்கா.

“கொண்டு போறன். இது வீட்டுக்குள்ள வராது. ஒளிச்சும் கேக்க மாட்டன். நீ சொன்னது போதும் எனக்கு.”

அவர் அதைப் பேரமாகச் சொல்லவில்லை. முடிவாகச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எடுக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கேட்டாள்.

“செல் அடிக்கக்குள்ள நீயும் இஞ்சதானே இரிந்தாய். கடல் வந்த நேரம் உனக்கு என்னைவிடக் கூடப் போச்சு. உனக்கு மட்டும் ஏன் இந்தச் சத்தம் பயமில்ல?”

க்ளைவ் வயரைக் கையில் சுற்றியபடி யோசித்தார்.

“பயம்தான்” என்றார். “எனக்கும் நெஞ்சு நடுங்கும். ஆனா செல் எப்ப விழும் எண்டு எனக்கு ஆரும் சொல்லல்ல. கடலும் சொல்லிட்டு வரல்ல. இதுல அடுத்த அடி எப்ப எண்டு எனக்குத் தெரியும். மெதுவாப் போறதால எண்ணலாம். எண்ணி முடிய, சரியா அந்த இடத்தில விழும். ஒரு நாளும் ஏமாத்தினதில்ல. விழுந்து, அடங்கி, ஒண்டும் உடையாமக் கிடக்கும். மறுகா அடுத்தத எண்ணுவன்.” வயரைக் கீழே வைத்தார். “இதை நான் முந்தி ஆருக்கும் சொல்லல்ல. எனக்கே இப்பதான் விளங்குது.”

அக்கா மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “எண்ணலாமா?” என்றாள்.

“ஓம். நாலு வரைக்கும். உன்ட பிள்ளையளே எண்ணும்.”

“வயரைக் குத்து. சத்தத்தை நான்தான் திருப்புவன். நீ கைய வைக்கப்படா.”

க்ளைவ் வயரைக் குத்தி, சீடியைப் போட்டுவிட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றார். அக்கா அம்ப்புக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள். வொலியூம் குமிழைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, மிகக் கொஞ்சமாகத் திருப்பினாள். தூரத்தில் யாரோ கதவைச் சாத்துவது போல ஒரு அடி கேட்டது. அவளுடைய தோள் உயர்ந்தது.

“ஒண்டு… ரெண்டு…” என்று க்ளைவ் மெதுவாகச் சொன்னார். “மூண்டு… நாலு…”

அடி விழுந்தது. தோள் மீண்டும் உயர்ந்தது. மம்மியும் கதவோரத்தில் இருந்து எண்ணத் தொடங்கினா. மம்மிக்குப் பொறுமை கிடையாது. மூன்றிலேயே, “இப்ப!” என்றா. ஒன்றும் விழவில்லை. “நாலு” என்று அசடு வழியச் சொன்ன பிறகு விழுந்தது. அக்கா கண்ணை மூடியபடியே சிரித்துவிட்டாள்.

“மம்மி, நீங்க என்ட வகுப்பில இரிந்தா மூலையில நிப்பாட்டுவன்.”

அதன்பிறகு அவளே எண்ணினாள். பாலர் பாடசாலையில் செய்வது போலத் தொடையில் தட்டி எண்ணினாள். தோள் உயர்வது குறைந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். சத்தம் அறைக்குள் வந்தது. நிலத்தில் வைத்திருந்த என் உள்ளங்காலில் அது ஏறுவது தெரிந்தது. நல்ல ஸ்பீக்கர், ஒரு கரகரப்பும் இல்லை. பிறகு ஒரு அடியில் யன்னல் கண்ணாடி கிணுக்கென்றது. அக்காவின் கை ஒரே வீச்சில் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டது.

அவளுடைய நெற்றி வியர்த்திருந்தது. க்ளைவ் ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“றொவீ, என்ட கியூடெக்ஸ எடுத்துட்டு வா. சிவப்பு.”

நான் நகப்பூச்சுப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தேன். யன்னல் நடுங்குவதற்குச் சற்று முன்னால் இருந்த இடம் வரைக்கும் குமிழைத் திருப்பி, அங்கே அம்ப்பின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். ஊதிக் காயவைத்தாள்.

“இது வரைக்கும்தான். இதுக்கு மேல வேணுமெண்டா ஏறாவூருக்குப் போய் ஹமீட் நானாவோட இரிந்து கேள். நான் வீட்டில இல்லாத நேரமும் இது வரைக்கும்தான். சம்மதமா?”

“சம்மதம்.”

“நான் நிப்பாட்டு எண்டா நடுப் பாட்டுல நிப்பாட்ட வேணும். ஏன் எண்டு கேக்கப்படா.”

“கேக்க மாட்டன்.”

“பிள்ளையள் பிறந்தா பைலாவும் போட வேணும்.”

“அதுக்கு முந்தியே போடுவன். எனக்கு பைலாவும் பிடிக்கும். நீ கேக்கவே இல்லையே.”

மம்மி மேசையில் இருந்த கைலேஞ்சியை எடுத்து உதறி, மோதிரத்தை அக்காவின் மடியில் போட்டா. “போடு புள்ள. எனக்கு நிண்டு நிண்டு கால் நோகுது.”

அக்கா மோதிரத்தைத் தானே போட்டுக்கொண்டாள். பிறகு அம்ப்பின் பக்கம் திரும்பி, பாட்டை மறுபடி தொடக்கத்தில் இருந்து ஓடவிட்டு, குமிழைச் சிவப்புப் பொட்டு வரைக்கும் திருப்பினாள்.

“ஏன் திரும்பவும்?” என்றார் க்ளைவ்.

“முடிவு கேக்கல்லையே. எப்பிடி முடியுது எண்டு தெரியாம நான் எப்பிடி இதோட குடும்பம் நடத்துற?”

மம்மி குசினிக்குப் போய் அடுப்பில் கேத்தலை வைத்தா. தண்ணீர் கொதித்து, தேத்தண்ணி ஊற்றி, நாங்கள் நாலு பேரும் குடித்து முடித்தோம். பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது.